சுண்டைக்காய் நல்லதுதான்... எந்தச் சுண்டைக்காய்?

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். காய் சின்னது, விலையும் சின்னது. அதைச் சுமந்துவரும் கூலிதான் பெரிது என்று அர்த்தம். அற்பமான எதையும் ‘சுண்டைக்காய் விஷயம்’ என்று தள்ளிவிடுவது நம் வழக்கம்.

ஆனால் இந்தச் சின்னக் காயை வெறும் சுண்டைக்காய் விஷயமாக நினைத்துவிடக் கூடாது.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். புறநகரில் புதிதாகக் குடிவந்த குடும்பம். பக்கத்துக் காலி மனையில் ஆள் உயரத்துக்குப் புதர். முள் இருக்கிறது. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். அம்மா எட்டிப் பார்க்கிறார். “அடடே, சுண்டைக்காய்! மார்க்கெட்டுல கால் கிலோ என்ன விலை விக்கிறான். இங்க ஓசியிலயே காய்ச்சுத் தொங்குதே!” என்று ஒரு கிண்ணம் பறித்துக்கொண்டு வந்துவிடுகிறார். பின்னாலேயே போன ஐந்து வயதுப் பையன், தரையோடு படர்ந்திருந்த இன்னொரு முள் செடியிலிருந்து மஞ்சள் கோலிக்குண்டு மாதிரி நாலு பழத்தைப் பறித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான்.

அம்மா பறித்தது உண்மையிலேயே சுண்டைதானா? பையன் பறித்தது என்ன? அவன் அதை விளையாட வைத்துக்கொள்வானா, வாயில் போட்டுக்கொள்வானா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே குடும்பம், பல குணம்

சுண்டை, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், கத்தரிக்காய், மணத்தக்காளி என்று நம் சமையலறையில் பாதி இடத்தை இந்தக் குடும்பம்தான் பிடித்திருக்கிறது. புகையிலையும் ஊமத்தையும்கூட இதே குடும்பத்துப் பிள்ளைகள்தான். அண்ணன் ஊருக்கு உபகாரி, தம்பி ஊருக்கே வில்லன் என்று சில குடும்பங்களில் இருப்பதில்லையா, அப்படி!

இந்தக் குடும்பத்துக்குள் ‘சொலானம்’ என்று ஒரு பெரிய கிளை. அதில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகள் இருக்கின்றன. கத்தரி, உருளை, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி எல்லாம் இந்தக் கிளைதான். இவை பூச்சியிடமிருந்தும் ஆடுமாடுகளிடமிருந்தும் தப்பிக்க இரண்டு ஆயுதங்களை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியும் முள். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ரசாயனம். அதற்குக் ‘கிளைக்கோ ஆல்கலாய்டு’ என்று பெயர். உருளைக்கிழங்கில் இருப்பது சொலானின், சாக்கோனின். முள் வகைகள் பலவற்றில் இருப்பது சொலசோனின், சொலமார்ஜின். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. ‘செடியின் தற்காப்பு விஷம்’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த விஷம் உடம்பில் என்ன செய்கிறது?

இரண்டு இடங்களில் கை வைக்கிறது.

முதலாவது, குடல். குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களின் மெல்லிய உறையை இது சிதைக்கிறது. அதனால்தான் குமட்டல், வாந்தி, வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி, பேதி எல்லாம்.

இரண்டாவது, நரம்பு. நம் நரம்பு, தசைக்குக் கட்டளை அனுப்ப ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அந்த ரசாயனத்தை அப்புறப்படுத்த ஒரு என்சைம் இருக்கிறது. செடியின் விஷம் அந்த என்சைமைக் கட்டிப்போட்டுவிடும். விளைவு, தலைசுற்றல், பார்வை மங்கல், நாக்குழறல், நடையில் தள்ளாட்டம், உடல் தளர்ச்சி. விஷம் அதிகமானால் மயக்கம்வரை போகலாம்.

இதில் ஏமாற்றும் விஷயம் நேரம்தான். சாப்பிட்ட உடனே எதுவும் தெரியாமல் இருக்கலாம். 1969-ல் லண்டனின் லூயிஷம் பகுதிப் பள்ளி ஒன்றில், முந்தைய பருவத்திலிருந்து மிஞ்சிக் கிடந்த உருளைக்கிழங்கைச் சமைத்துப் போட்டார்கள். சாப்பிட்ட 78 மாணவர்கள் படுத்துவிட்டார்கள். 17 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தொந்தரவு ஆரம்பித்தது எப்போது தெரியுமா? சாப்பிட்டு 7 மணி நேரத்திலிருந்து 19 மணி நேரத்துக்குள்! நல்லவேளையாக எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். மதியம் சாப்பிட்டது நடு ராத்திரியில் வேலையைக் காட்டினால், ‘ராத்திரி சாப்பிட்ட தோசைதான் ஒத்துக்கல’ என்றுதானே நாம் சொல்வோம்?

நம் சுண்டைக்காய்க்கே இது நடக்குமா?

“உருளைக்கிழங்கு கதை எதுக்கு? தலைமுறை தலைமுறையா நாங்க சுண்டைக்காய் சாப்பிடறோமே!” என்று பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நாம் சாப்பிடும் இந்தச் சுண்டையின் பூர்வீகம் நம் நாடே இல்லை. மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும்தான் அதன் தாய்வீடு. அங்கிருந்து வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. தாய்லாந்தில் பச்சைக் குழம்பில் போடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் சூப் வைக்கிறார்கள். ஜமைக்காவில் ‘சுசும்பர்’ என்று செல்லமாக அழைத்து, உப்புக் கருவாட்டுடன் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். இத்தனை பேர் இத்தனை காலம் சாப்பிட்டு வருவதே, சாதாரணமாக இது நல்ல காய்தான் என்பதற்குச் சாட்சி.

ஆனால் ‘சாதாரணமாக’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஜமைக்கா மக்கள் வழக்கம்போலச் சமைத்துச் சாப்பிட்ட இதே சுண்டைக்காய், சிலரைப் படுக்கையில் தள்ளியதை அமெரிக்க விஷ மருத்துவ நிபுணர்கள் 2008-ல் ஓர் ஆய்விதழில் விவரித்தார்கள். அவர்களுக்கு வயிற்றுக் கோளாறோடு நாக்குழறலும் தள்ளாட்டமும் வந்தன. சோதனைச்சாலையில் பார்த்தபோது, படுக்கவைத்த காயில் மேலே சொன்ன தற்காப்பு விஷம் இருந்தது. தொந்தரவு தராத காயில் அது தென்படவில்லை. பார்வைக்கு இரண்டும் சுண்டைக்காய்தான்!

ஒரே இனச் செடியில் இப்படி வித்தியாசம் வருவது புதுமையில்லை. உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை பாரித்தால், அடிபட்டால், முளைவிட்டால் அதில் விஷம் ஏறுகிறது. செடியின் ரகம், காயின் பருவம், வளரும் சூழல் எல்லாம் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன.

கசப்பு என்ற காவல்காரன்

இயற்கை நமக்கு ஓர் எச்சரிக்கை மணி வைத்திருக்கிறது. அதுதான் கசப்பு. இந்த வகை விஷம் கூடினால் கசப்பும், நாக்கிலும் தொண்டையிலும் ஓர் எரிச்சலும் தெரியும். கசக்கும் உருளைக்கிழங்கை யாரும் இரண்டாவது வாய் சாப்பிட மாட்டோம்.

சுண்டைக்காயில்தான் சிக்கலே. அது பிறவியிலேயே கசப்பு. ‘கசந்தால்தான் நல்லது, வயித்துப் பூச்சி சாகும், கண்ணை மூடிக்கிட்டு முழுங்கு’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். காவல்காரன் கத்தினாலும் நம் காதில் விழாது!

அதனால் ஒரு வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். சுண்டைக்காயின் பழகிய கசப்பு வேறு. வழக்கத்தைவிடக் கடுமையாகக் கசந்து, நாக்கு எரிந்து, தொண்டை கரகரத்தால் அது வேறு. அப்படி இருந்தால் அந்தக் கவளத்தைத் துப்பிவிடுங்கள். ‘பண்டத்தை வீணாக்கலாமா?’ என்று யோசிக்காமல் குழம்பையும் கொட்டிவிடுங்கள். குழந்தை ‘எரியுதும்மா’ என்றால் அதட்டாதீர்கள். ஒரு வாய் வாங்கி நீங்களே ருசி பாருங்கள்.

வேலியோரத்து உறவுகள்: ஒரு அறிமுகம்

*சுண்டை:* ஆள் உயரமோ அதற்கு மேலோ வளரும் புதர். தண்டில் அங்கங்கே முள். அகலமான, ஓரம் வளைந்து வளைந்து இருக்கும், சொரசொரப்பான இலை. நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூ. பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள், கொத்தாக. பழுத்தால் மஞ்சளாகும். சமையலுக்கு எடுப்பது பச்சைக் காயைத்தான்.

*ஆனைச்சுண்டை:* சில ஊர்களில் இந்தப் பெயரில் ஒரு புதர் உண்டு. பூ வெள்ளை, காய் கொத்துக் கொத்து, எல்லாம் சுண்டை மாதிரியே. ஆனால் முள் கிடையாது. இலை முழுக்க மாவு பூசியது போல் மெத்தென்ற ரோமம். பெயரில் சுண்டை இருக்கிறதே என்று பறித்துவிடக் கூடாது.

*கண்டங்கத்திரி:* தரையோடு படரும். தண்டு, இலை, இலை நரம்பு என்று உடம்பெல்லாம் நீளமான ஊசி முள். ஊதாப் பூ. காய் பச்சையில் வெள்ளை வரி போட்டிருக்கும்; பழுத்தால் பளீர் மஞ்சள். நம் கதையில் பையன் பறித்தது இதுதான்.

*கறிமுள்ளி:* நிமிர்ந்து வளரும் முள் செடி. சின்னச் சின்ன உருண்டைக் காய்கள் பழுத்ததும் ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். குழந்தைகளின் கண்ணைச் சுண்டி இழுக்கும்.

*தூதுவளை:* கொடியாக ஏறும். வளைந்த முள், ஊதாப் பூ, சிவப்புப் பழம். ரசத்துக்கும் துவையலுக்கும் நாம் எடுப்பது இதன் இலையை.

இதைப் படித்துவிட்டு ‘எனக்கு எல்லாச் செடியும் தெரியும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். எழுத்தில் படித்த அடையாளம் காட்டில் கைகொடுக்காது. அந்த ஊரில் வருஷக்கணக்காகப் பறித்துச் சாப்பிடும் ஒருவர் கூட இருந்து ‘இதுதான்’ என்று காட்டாத செடியிலிருந்து ஒரு காய்கூட அடுப்புக்கு வரக் கூடாது. இதுதான் பாதுகாப்பான விதி.

“மூலிகைதானே, என்ன செய்யும்?”

கண்டங்கத்திரி சித்த, ஆயுர்வேத வைத்தியங்களில் இருமலுக்கும் இரைப்புக்கும் பெயர் பெற்றது. தசமூலம் என்ற பத்து வேர்களில் அதன் வேரும் ஒன்று. அதற்காக, வேலியோரத்தில் பறித்து நாமே இடித்துச் சாறு பிழிந்து குழந்தைக்குப் புகட்டலாமா? கூடாது. முறையாகப் படித்த வைத்தியர், எந்தப் பாகத்தை, எப்படிப் பக்குவப்படுத்தி, யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மருந்து வேறு. நம் கைப்பக்குவம் வேறு.

அளவு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. உருளைக்கிழங்கின் விஷம், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லி கிராம் என்ற அளவிலேயே தொந்தரவு தரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கணித்தது. அப்படியானால் 60 கிலோ அப்பாவுக்கு 60 மில்லி கிராம். 15 கிலோ குழந்தைக்கு வெறும் 15 மில்லி கிராம்! அப்பாவுக்கு ஒன்றும் செய்யாதது குழந்தையைக் கவிழ்த்துவிடும். ‘நான் சாப்பிட்டேனே, எனக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று பெரியவர்கள் சொல்வது குழந்தை விஷயத்தில் செல்லாது.

பாட்டியின் பக்குவம்

நம் பாட்டிகள் சுண்டைக்காயைக் கையாண்ட விதத்தில் நிறைய விவேகம் இருக்கிறது. காயை நசுக்கி, விதையை அலசி, உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மோரில் போட்டு, மறுபடி காயவைத்து வற்றலாக்கினார்கள். வத்தக்குழம்பில் ஆளுக்கு ஒரு பிடி. அங்காயப் பொடியில் ஒரு பங்கு. ஒரு நாளும் பொரியல் மாதிரி தட்டு நிறையக் கொட்டிக்கொண்டதில்லை. கசப்பு குறைவதும், அளவு சிறுத்துப்போவதும் இந்த வழக்கத்தின் நன்மை.

ஆனால் ஒன்று. மோரில் ஊறவைப்பதை விஷ முறிப்பாக நினைத்துவிடாதீர்கள். நல்ல காயைச் சுவையாக்கும் பக்குவம் அது. தப்பான காயை நல்ல காயாக மாற்றும் மந்திரம் அதில் கிடையாது. கொதிக்கவைப்பதும் அப்படித்தான். இந்த வகை விஷம் தண்ணீர் கொதிக்கும் சூட்டில் அழிவதில்லை. லூயிஷம் பள்ளியில் மாணவர்கள் சாப்பிட்டதும் சமைத்த கிழங்கைத்தானே!

குழந்தை தின்றுவிட்டால்?

பதற வேண்டாம். வரிசையாகச் செய்யுங்கள்.

1. வாயில் மிச்சம் இருப்பதை விரலால் மெதுவாக எடுத்துவிடுங்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

2. விரலை விட்டோ, உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழலில் ஏறினால் அது தனி ஆபத்து. உப்புக் கரைசல் குழந்தையின் ரத்தத்தில் உப்பை ஏற்றிவிடும்.

3. பால், எலுமிச்சைச் சாறு, முட்டை, புளிக்கரைசல் எதுவும் இதற்கு மாற்று மருந்து இல்லை. பக்கத்து வீட்டு யோசனைகளுக்குக் காது கொடுக்காதீர்கள்.

4. குழந்தை அரை மயக்கமாக இருந்தால் வாய் வழியாக எதுவுமே தராதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

5. எத்தனை மணிக்கு, எத்தனை பழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இலை, பூ, காயோடு ஒரு சிறு கிளையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி இதுதான்.

6. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாகனம் இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

இந்த விஷத்துக்கென்று தனி முறிமருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில், சீக்கிரம் போனால் விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் தரலாமா என்று பார்ப்பார்கள். வாந்தி பேதியில் இழந்த நீரையும் உப்பையும் டிரிப் மூலம் ஏற்றி, மூச்சையும் நாடித் துடிப்பையும் கண்காணிப்பார்கள். ‘இப்ப நல்லாத்தானே இருக்கான்’ என்று பாதியில் கூட்டி வந்துவிடாதீர்கள். 19 மணி நேரக் கதையை மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வாய் வறண்டு, முகம் சிவந்து, கண்பாவை பெரிதாகி, குழந்தை இல்லாததை இருப்பதாகப் பிதற்றினால் அது ஊமத்தையாக இருக்கலாம். அந்த விஷமே வேறு, வைத்தியமும் வேறு. செடியைக் கையோடு கொண்டுபோகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

வழக்கமான சந்தேகங்கள்

*அப்போ சுண்டைக்காயையே நிறுத்திவிடலாமா?*

வேண்டவே வேண்டாம். பழகிய கடையில், பழகிய கையிடமிருந்து வாங்குங்கள். சமைத்து, அளவாகச் சாப்பிடுங்கள். காலங்காலமாக நல்ல பெயரெடுத்த காயை ஒதுக்க வேண்டியதில்லை.

*சர்க்கரைக்கு நல்லது என்று சுண்டை வற்றல் பொடியைத் தினமும் சாப்பிடலாமா?*

சாப்பாட்டில் சேர்ப்பது சரி. ‘பொடி சாப்பிடறேன்ல’ என்று டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்துவது தவறு. சர்க்கரை ஏறுவது வெளியே தெரியாது. பச்சைக் காயை அரைத்துச் சாறாகக் குடிப்பதும் வேண்டாம். முக்கியமாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்.

*முள் குத்தினால் விஷம் ஏறுமா?*

இங்கே நாம் பேசும் ஆபத்து தின்பதால் வருவது. முள் குத்தினால் பயம் கிருமிதான். முள் முனை உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று டாக்டரிடம் கேளுங்கள். வீங்கிச் சீழ் கோத்தால் தாமதிக்காதீர்கள்.

*வீட்டுப் பக்கத்தில் முளைத்த முள் செடியைப் பிடுங்கிவிடலாமா?*

நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில், அதன் கைக்கெட்டும் தூரத்தில் கண்டங்கத்திரி போன்ற செடியை விட்டுவைக்காதீர்கள். கனமான கையுறை போட்டுக்கொண்டு, காய்க்கும் முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். பிடுங்கிய செடியைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள்.

நம் கதைக்குத் திரும்புவோம். அந்த அம்மா கிண்ணத்தோடு வீட்டுக்குள் நுழையும் முன், தெருவில் காய்கறி விற்கும் ஆயாவிடம் ஒரு கொத்தைக் காட்டி “இது சுண்டைதானா?” என்று கேட்டால் போதும். ஆயா “தெரியலையே தாயி” என்று சொன்னால், கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்துவிடலாம். அப்படியே பையனின் கால்சட்டைப் பையிலும் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஓசியில் கிடைத்த சுண்டைக்காய்க்காக ஆஸ்பத்திரிக்குச் சுமைகூலி கொடுப்பானேன்?